நான்கு நாட்டுக் கொடியும் ஓர் ஓங்கிலும்

நெய்னா முகம்மதுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குவைத்தில் பத்து வருடம் டிரைவர். இப்போது பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு ஃபைபர் படகு. அவருடைய உம்மா ஜன்னத் பீவி பக்கவாதத்தில் விழுந்தபோது பராமரிப்புக்குப் பாபநாசத்திலிருந்து நான் போனேன். இரண்டே நாளில் நெய்னா என்னிடம் கற்றுக்கொண்டார்: விரிப்பைப் பாதி சுருட்டி முதுகுக்கடியில் செருகி, மறுபக்கம் புரட்டி, விரிப்போடு தூக்க வேண்டும். படுத்திருப்பவர் மூக்கில் தண்ணீர் போகக்கூடாது. கடற்கரையில் விழா நடந்த அன்று இதற்கு மேல் அறிவு தேவைப்படவில்லை. வந்திருந்தவர்களிடம் இவ்வளவும் இல்லை.

திமிங்கிலம், டால்பின்களைக் காப்பாற்ற நான்கு நாடுகள் கைகோத்த விழா அது. பந்தல், குளுகுளு வண்டிகள், நான்கு கொடி அச்சடித்த பெரிய பேனர். பித்தளைக் குடத்தில் காவிரித் தண்ணீர். அதைக் கடலில் கலப்பார்களாம். மீனவர்களைக் கயிறு கட்டி வெளியே நிறுத்தியிருந்தார்கள். நெய்னாவோடு நானும் அங்கேதான் நின்றேன்.

பேச்சு நடக்கும்போதே ஓர் ஓங்கில் சேற்றில் ஒதுங்கியது. இவர்கள் டால்பின் என்கிறார்களே, அதுதான். கடல் வற்றிக்கொண்டிருந்தது. அரை மணிக்குள் ஆழத்தில் விடாவிட்டால் செத்துவிடும்.

எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருங்கிணைப்பாளர் சூர்யபிரகாஷ் குடத்தை வெள்ளைக்கார விருந்தாளியிடம் நீட்டி, பக்கத்தில் நின்றவரிடம், "தலையில ஊத்தச் சொல்லுங்க. அபிஷேகம் மாதிரி, போட்டோ நல்லா வரும்" என்றார். ஓங்கிலுக்கு மூக்கு உச்சந்தலையில். நிபுணர்கள் பதினோரு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நெய்னா கயிற்றைத் தாண்டிப் போய்க் குடத்தைப் பிடுங்கினார்.

"அது மூக்கு சார். உங்க மூக்குல ஊத்தட்டுமா?"

"யோவ், யாருய்யா நீ? நாலு நாட்டு ஒப்பந்தம்யா இது!" என்றார் சூர்யபிரகாஷ்.

"நாலு நாட்டுலயும் மூக்கு மூக்குதான். அந்த பேனரை அவுருங்க."

"அதுல கொடியெல்லாம் இருக்கு!"

"இருக்கட்டும், கனம் தாங்கும். அக்கா, வாங்க. உம்மாவத் திருப்புற மாதிரிதான்."

பேனரைப் பாதி சுருட்டிச் செருகினோம், புரட்டினோம். ஆறு மீனவர்களோடு நெய்னா இடுப்பளவு தண்ணீர்வரை தூக்கிப்போனார். நிபுணர்கள் பேண்ட் நனையாத தூரத்தில் நின்று கைதட்டினார்கள். ஓங்கில் இரண்டு முறை மூச்சைச் சீறிவிட்டு ஆழத்துக்குள் போனது.

அறிக்கையில் அது 'பன்னாட்டுக் கூட்டு முயற்சி'. படத்தில் நெய்னாவின் முழங்கை மட்டும் இருந்தது.

மறுவாரம் சூர்யபிரகாஷ் போன் செய்தார். அடுத்த கூட்டம் தஞ்சாவூர் ஹோட்டலில்; பேனரைக் கழுவி அனுப்ப வேண்டுமாம்.

"அது வேலையா இருக்கு சார்" என்று நெய்னா போனை வைத்துவிட்டார்.

ஜன்னத் பீவியின் விரிப்புக்குக் கீழே அதைப் போட்டிருந்தோம். மெத்தையில் மூத்திரம் இறங்காமல் நான்கு நாடுகளும் காத்தன. அந்தக் கூட்டணி முழுதாகச் செய்துமுடித்த வேலை அது ஒன்றுதான்.