நேராகப் போகாத தையல்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. நான் மிஷின் ரிப்பேர் செய்கிறவன். சத்தம் வந்தால் எங்கோ ஒரு ஆணி லூசாக இருக்கிறது, சூடு ஏறினால் எண்ணெய் போகவில்லை, தையல் விட்டால் ஊசி வளைந்திருக்கிறது. இதற்கு வெளியே உலகத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் இத்தனை வருஷம் பிழைத்தேன். இப்போது நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு சாமு போனை எடுத்து எதையாவது தேடி, "டூப்பு வுடாதப்பா" என்பான், ஜெனி கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரியுங்கள். பட்டறை மூலையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கறுப்பு மிஷினை ஏன் விற்க மாட்டேன் என்கிறாய் என்று நீங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது நடந்தது பாதி ராத்திரியில் இல்லை, நாய் ஊளையிடவும் இல்லை. பட்டப்பகல். பக்கத்து வீட்டில் ஏகாம்பரம் மாமாவின் தறி காலையிலிருந்து டக்கு டக்கென்று ஓடி அப்போதுதான் நின்றிருந்தது.

உங்கள் அக்கா எஸ்தர் இடது பாதம் உள்பக்கம் மடங்கிப் பிறந்தவள். கைக்குழந்தையிலேயே மாவுக்கட்டு போட்டுப் போட்டு நிமிர்த்தினார்கள், முக்கால்வாசி நிமிர்ந்தது, மீதி அப்படியே நின்றுவிட்டது. கடையில் விற்கிற எந்த ஷூவுக்குள்ளும் அந்தக் கால் நுழையாது. ஐந்தாவது வரைக்கும் செருப்போடு போனாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவதுக்குப் புதுப் பள்ளிக்கூடம், எல்லோருக்கும் கறுப்பு ஷூ. அங்கிருந்த டீச்சர் நல்ல மனுஷி, "உனக்குச் செருப்பே போதும்மா" என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் பையை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"எனக்கு மட்டும் இன்னாத்துக்குப்பா தனியா? ஷூ இருந்தா போறேன். இல்லாட்டி அந்த ஸ்கூலே வோணாம்."

அழவில்லை, கோபப்படவும் இல்லை. அவள் அப்படிச் சொன்னால் அப்படித்தான் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் தோல் மிஷின் மெக்கானிக்தானே, ஒரு ஷூ தைக்க முடியாதா என்று இறங்கினேன். அட்டையில் அவள் காலை வைத்து பென்சிலால் வரைந்தேன், வெட்டினேன், கையாலேயே தைத்தேன். போட்டு நாலு எட்டு நடந்தாள், வெளி ஓரத்தில் தோல் உரிந்து கொப்புளம். கைத்தையல் உள்ளே முண்டும் முடிச்சுமாக இருக்கிறது, அதுதான் குத்துகிறது என்று முடிவு கட்டினேன். மிஷினில் தைத்தால் சமமாக உட்காரும். ஆனால் சாதாரண மிஷின் சின்ன ஷூவுக்குள் நுழையாது. அதற்கென்று பழைய காலத்து மிஷின் ஒன்று உண்டு. குழாய் மாதிரி நீளமான கை இருக்கும், ஷூவை அதில் மாட்டிக்கொள்ளலாம். தோலைப் பிடித்து இழுக்கிற ஃபுட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கையால் திருப்பலாம், தோலைத் திருப்ப வேண்டியதில்லை. மோட்டார் கிடையாது, பக்கத்தில் இருக்கிற சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டியதுதான்.

ராணிப்பேட்டை பக்கம் பழைய சாமான் எடுக்கிற பாய் ஒருத்தர் எனக்குப் பழக்கம். அவரிடம் அப்படி ஒன்று கிடந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். துரு ஏறி சக்கரமே அசையவில்லை. டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி மாட்டி, ஒரு வழியாக ஓட வைத்தேன். நூல் கோத்து ஒரு தோல் துண்டை வைத்துச் சுற்றினேன். தையல் அழகாக விழுந்தது. ஆனால் கொஞ்ச தூரம் நேராகப் போய்விட்டு, இடது பக்கம் வளைந்தது.

சரி, பழைய மிஷின், ஃபுட்டைத் திருப்புகிற வளையம் தேய்ந்திருக்கும், தானாகத் திரும்புகிறது என்று நினைத்தேன். கழற்றி, பித்தளைத் தகடு வெட்டி உள்ளே சொருகி, அசையாமல் மாட்டினேன். வளைந்தது. கட்டுக்கம்பி போட்டு வளையத்தை இறுக்கிக் கட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஃபுட் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை, நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டேதான் சுற்றினேன், தையல் வளைந்தது. ஃபுட்டின் பல் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம் என்று லேத் பட்டறைக்குப் போய்ப் புதிதாகக் கடைந்து வாங்கி மாட்டினேன். வளைந்தது. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், அடிநூல் சுற்றுகிற பாபினை மாற்றினேன், மிஷினையே மேஜையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். அதற்கு என்ன கவலை, வளைந்தது.

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. சாப்பாடு இறங்கவில்லை. ஸ்பானரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன், அந்தக் குழி இன்னும் இருக்கிறது, நீங்கள் பந்து அடித்து விழுந்தது என்று அம்மா உங்களைத் திட்டுவாளே, அதே குழிதான். பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்துகொண்டே இருந்தது. எஸ்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வாசலில் நின்று மிஷினைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

"அத்த தூக்கிப் பாய்கிட்டயே குட்த்துட்டு வேற பாருங்க. மனுசனாட்டம் இல்ல நீங்க இப்போ" என்றாள் அம்மா.

"வேற எங்க போய்ப் பாக்கறது? இத்த வுட்டா இல்ல."

"அப்ப அதுகூடவே குடும்பம் நடத்துங்க."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், நான் அப்போது கவனிக்கவில்லை. தேய்ந்த மிஷின் வளைத்தால் ஒரே மாதிரிதான் வளைக்கும், தொடர்ந்து தைத்தால் வட்டமாக வரும். இது அப்படியில்லை. ஒரு துண்டில் லேசாக வளையும், அடுத்த துண்டில் நேராகப் போகும், அதற்கடுத்ததில் சட்டென்று உள்ளே திரும்பும். மிஷினுக்கு ஒரு கோளாறு இருந்தால் நான் பிடித்துவிடுவேன். இதற்கு நிமிஷத்துக்கு ஒரு கோளாறு.

ஒரு நாள் மத்தியானம் ஏகாம்பரம் மாமா தறியை நிறுத்திவிட்டு பீடி பற்றவைக்க வெளியே வந்தார். நான் வெறுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தேன், சுற்றிலும் தோல் துண்டுகள்.

"இன்னாபா மோசஸு, ஷூ தைக்கிறியா, இல்ல தோலுல கோலம் போடுறியா?"

"கிண்டல் பண்ணாதண்ணா. நேரா ஒரு சாண் தைக்க மாட்டேங்குது."

அவர் குனிந்து ரெண்டு துண்டை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புடவைக்கு பார்டர் டிசைன் பார்க்கிறவர் இல்லையா, அந்தக் கையோடு துண்டுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தரையில் வைத்தார். ஒரு துண்டில் தையல் விட்ட இடத்திலிருந்து அடுத்த துண்டில் தொடங்கியிருந்தது. நடுவில் சில துண்டுகள் இல்லை, நான் கோபத்தில் குப்பையில் போட்டவை.

"இது கோளாறு இல்லபா. ஒரே டிசைனு, துண்டு துண்டா வந்துக்கினு இருக்குது. உன் மிசின்ல எவனோ அட்டை மாட்டி வெச்சிருக்கான்."

உங்களுக்குத் தெரியும், தறிக்கு மேலே பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரித் தொங்கும், அந்த ஓட்டை சொல்கிறபடிதான் பூவும் மயிலும் விழும். அதைத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மிஷினின் ஒவ்வொரு ஆணியையும் கழற்றியவன் நான். உள்ளே அட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு சக்கரம், ஒரு தண்டு, ஒரு ஊசி. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள அதற்குள் இடமே கிடையாது.

"பெர்ய தோலா ஒண்ணு குடு பாப்போம். அது போற வழிக்கு வுடு" என்றார் மாமா.

ஷூவுக்கென்று வைத்திருந்த நல்ல தோலை எடுத்தேன். மனசு ஒப்பவில்லை, ஆனாலும் எடுத்தேன். கட்டுக்கம்பியை அவிழ்க்கவில்லை. தோலை நான் திருப்பவும் இல்லை, ஒரு கை சக்கரத்தில், இன்னொரு கை என் மடியில். நம்பினால் நம்புங்கள், தோல் தானாக மெல்ல நகர்ந்து திரும்பியது, வளைந்து போய், நீண்டு, ஒரு பக்கம் புடைத்து, திரும்பி வந்து, முதல் தையல் விழுந்த அதே ஓட்டையில் கடைசி ஊசி இறங்கியது. அதற்குமேல் சக்கரம் சுற்றவில்லை. இறுகி நின்றுவிட்டது. மாமா பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

சுரைக்காய் மாதிரி கோணலாக ஒரு உருவம். எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை, நல்ல தோல் வீணாய்ப் போனதே என்றுதான் வயிறு எரிந்தது. நூலை அறுத்துத் தரையில் எறிந்தேன்.

எஸ்தர் வாசலில் நின்றிருந்தாள் போலிருக்கிறது. உள்ளே வந்தாள், வெறுங்காலோடு. தோலைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை அதன்மேல் வைத்து, முழு எடையும் போட்டு நின்றாள்.

"இது என் காலுப்பா."

குனிந்து பார்த்தேன். குதிகால், சுண்டுவிரல், வெளி ஓரத்தில் அந்த எலும்பு புடைக்கிற இடம், எல்லாம் தையலுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய் நான் வரைந்த அட்டையை எடுத்துவந்து மேலே வைத்தேன். வெளிப் பக்கத்தில் ஒரு விரல் அளவுக்கு என் அட்டை குறைவு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அவளை நாற்காலியில் உட்காரவைத்து வரைந்தேன். அவள் பாதம் எழுந்து நின்றால் வெளி ஓரத்தில் சாய்ந்து அகலமாகும், உட்கார்ந்தால் சுருங்கிவிடும். குத்தியது என் தையல் இல்லை, என் அளவு. அது தெரியாமல் இத்தனை நாள் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் நின்ற காலை இந்த மிஷினுக்கு யார் காட்டினார்கள்?

"இதையே வெட்டுப்பா, இன்னாத்துக்கு முழிக்கிற?" என்றாள் எஸ்தர்.

வெட்டினேன். நின்றுபோன சக்கரம் கை வைத்ததும் வெண்ணெய் மாதிரி சுற்றியது. மேல்தோல், அடித்தோல், ஓரம் எல்லாவற்றையும் நான் திருப்பிய பக்கம் திரும்பி, நான் சொன்ன இடத்தில் நின்று, ஸ்கேல் வைத்த மாதிரி நேராகத் தைத்துக் கொடுத்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் அக்கா ஷூவைப் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்து, திரும்பி நடந்து வந்து, "சரி, போலாம்" என்றாள். அவளைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிள் மிதித்துக்கொண்டு போகும்போது, வாசலில் நின்ற அம்மா பார்க்கக்கூடாது என்று நான் திரும்பவே இல்லை, கண் அப்படி இருந்தது.

பாய்க்குப் போன் போட்டு, இதை முன்னாடி யார் வைத்திருந்தது என்று கேட்டேன்.

"மூடின கம்பெனி லோடு தம்பி. எத்தினி கை மாறிச்சோ யாருக்குத் தெரியும். ஏன், வேல செய்யலியா?"

"செய்யுது பாய்."

"அப்புறம் இன்னாபா?"

அப்புறம் என்னவென்று அவரிடம் எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எஸ்தருக்குக் கால் வளர வளர நானே நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்தேன். மிஷின் ஒழுங்காக இருந்தது. நடந்தது ஏதோ மனப்பிரமை, வெயில், பசி என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஏகாம்பரம் மாமாவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஆட்டோக்காரரின் சீட்டுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். நேராகப் போன தையல் வளைந்தது.

இந்த முறை நான் ஸ்பானரைத் தொடவில்லை. வாரை எடுத்துவிட்டு ஒரு பெரிய தோலை வைத்தேன், ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சக்கரத்தை மட்டும் சுற்றினேன். வந்தது ஒரு வலது கால். ரொம்பச் சின்னது. எஸ்தர் பாதத்தைவிட அதிகமாக உள்ளே திரும்பியிருக்கிறது. ஆனால் தையல் சுற்றி வந்து மூடவில்லை. குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி விட்டு, மிஷின் நின்றுவிட்டது. அந்த இடைவெளியை மூட எத்தனையோ தரம் முயன்றுவிட்டேன், அதற்குப் பிறகு எந்தத் தோலை வைத்தாலும் நேராகத்தான் தைக்கிறது.

அந்தத் தோல் பட்டறை மேஜையின் கீழ் இழுப்பறையில் துணி சுற்றி இருக்கிறது. மிஷின் அதை முடிக்கிற வரைக்கும் விற்க முடியாது. நம் தெருவில் இருக்கிற எந்தக் குழந்தைக்கும் அது பொருந்தவில்லை, நான் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு உங்கள் சிநேகிதர்கள் வந்தால், சொந்தக்காரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "அப்பா மூஞ்சியப் பாத்து வாங்கன்னுகூட சொல்ல மாட்டேங்கறாரு" என்று நீங்கள் கோபித்துக்கொள்கிறீர்களே, நான் என்ன செய்வேன், என் கண் முதலில் வலது காலுக்குத்தான் போகிறது.