டேல் தனியாக வாசித்த ஒளிவிழா

டேல் ஹட்சின்ஸுக்கு ஐந்து வாத்தியம் வாசிக்கத் தெரியும்: பாஞ்சோ, வயலின், மாண்டலின், அக்கார்டியன், மவுத் ஆர்கன். தன்னைப் பற்றி நாலு வார்த்தை உயர்வாகப் பேசத்தான் தெரியாது. அமெரிக்காவிலிருந்து நண்பனோடு வந்து ஏழு வருடம் ஜெர்மனியில் ஊர் ஊராக நாட்டுப்பாடல் வாசித்தார். பத்திரிகைகள் நண்பனின் குரலைப் பத்தி பத்தியாகப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் "டேலும் வாசித்தார்" என்று முடித்துக்கொள்ளும். பாவி மனுஷன் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

தொண்ணூற்று நான்கில் நண்பன் கல்யாணம் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். வுப்பர்டால் நகரில் டேல் ஒற்றை ஆளானார். தனியாக வாசிக்க யாரும் கூப்பிடவில்லை. அமெரிக்காவில் அண்ணனின் டயர் கடையில் வேலை காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு அலோசியஸ், இலங்கை மன்னார்க்காரர், தமிழ்க் கத்தோலிக்கரின் கிறிஸ்துமஸ் ஒளிவிழாவில் ஒரு மணி நேரம் வாசிக்கக் கேட்டார். இதற்கும் ஆள் வராவிட்டால் டயர் கடைதான் என்று டேல் முடிவுகட்டினார்.

நோட்டீஸில் மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தது. அலோசியஸ் மண்டபத்தைத் திறந்துவிட்டுச் சாப்பாடு எடுக்கப் போய்விட்டார். டேல் சுருதி சேர்த்துக் காத்திருந்தார். ஐந்து மணிக்கு நூற்றிருபது வெறும் நாற்காலிகள். ஐந்தே முக்காலுக்கும் அவையேதான். டேல் வாத்தியங்களைப் பெட்டிகளில் வைத்துப் பூட்டத் தொடங்கினார்.

றோல்ஸ் பலகாரத் தட்டோடு உள்ளே வந்த அலோசியஸ் பதறிவிட்டார். "ஐயோ, எங்க போறீங்கள்?"

"ஒருத்தரும் வரேல்லையே," என்றார் டேல், தனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

"ஐஞ்சு எண்டு போட்டாத்தான் எங்கட சனம் ஆறரைக்காவது வரும். ஆறரை எண்டு போட்டா எட்டுக்குத்தான். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன். பிழை என்னிலதான், இருங்கோ."

டேல் நம்பவில்லை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். ஆறரைக்குக் கதவு திறந்ததுதான் தெரியும். பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டு மாட்டிய பெண்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், கேக் பெட்டிகள் என்று கூட்டம் அள்ளியது. நிற்கவும் இடமில்லை.

பாஞ்சோவைத் தொட்டதும் பின்வரிசை கைதட்டித் தாளம் போட்டது. அக்கார்டியனுக்கு நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடவே எழும்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம் இரண்டானது.

முடிந்ததும் அலோசியஸின் மனைவி ஞானமலர் ஒரு றோலைச் சூடாக்கி நீட்டினார். "தை மாசம் மியூனிக்கில என்ர தங்கச்சிக்குக் கலியாணம். நீங்கள் வந்து வாசிக்கவேணும்."

டேல் தயங்கினார். "பாடுறதுக்கு நல்ல ஆள் ஒருத்தரைத் தேடிப் பாக்கட்டோ?"

"வேற ஆரும் வேண்டாம்," என்றார் ஞானமலர். "நீங்கள் தனிய வாங்கோ."