பைக்குள் மூன்று பொத்தான்கள்

தெருவில் அவளைத் தையல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் பிறந்தவள். அம்மா பக்கவாதத்தில் விழுந்தபின், யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று மூவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்கள். துணிப்பையும் பொத்தான்களும் அவள் கொடுத்தவை: வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று, ஒரே அளவு. கறுப்பு வந்தவருக்கு அம்மா. பை அண்ணன் வீட்டில் இருக்கும்.

"பொத்தான் உன்னோடது. நீ கடைசியா எடுத்தாத்தான் நியாயம்" என்றான் அண்ணன்.

ஐந்து முறையும் கறுப்பு அவளுக்கே வந்தது. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் போன நர்ஸ் நான். அவள் ஒரு படுக்கைப்புண்கூட வரவிடவில்லை. ஆனால் மெஷினில் உட்கார நேரமில்லை, வாடிக்கை போயிற்று. இப்போது தையல் கடை போடக் கடைத்தெருவில் ஓர் இடம் அமைந்திருந்தது. இந்த முறையும் கறுப்பு வந்தால் அதுவும் போகும்.

"கடைசியா எடுக்கிறவளுக்கு மிஞ்சினதுதானேக்கா" என்றாள்.

"அதெல்லாம் இல்லடி. மூணு பேர் கையிலயும் ஆளுக்கொண்ணு மூடி வச்சாச்சுன்னு வை. யார் முதல்ல திறந்தா என்ன? மூணுல ஒண்ணுதான். ஆனா அஞ்சு தடவை எத்தனை விதமா விழலாம்? மும்மூணு ஒம்பது, அப்புறம் இருபத்தேழு, எண்பத்தொண்ணு, இருநூத்தி நாப்பத்திமூணு. அஞ்சும் உனக்கேங்கறது அதுல ஒண்ணு."

"அப்ப நடக்கவே நடக்காதா?"

"நடக்கும். விதின்னு நம்புறதுக்கு முன்னாடி பையில கையை விட்டுப் பாரு."

ஆறாம் முறை அவள் முதலில் எடுப்பதாகச் சொன்னாள். "என்னம்மா, ராசி மாத்தறியா?" என்று அண்ணன் சிரித்தான். பைக்குள் ஒரு பொத்தானின் விளிம்பில் நகம் இடறியது. அரத்தால் போட்ட வெட்டு. அவள் கொடுத்தபோது அது இல்லை. அதை விட்டு வழுவழுப்பாக இருந்த ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

இது அண்ணன் வேலை மட்டும்தான் என்று நினைத்துத் தங்கையிடம் பையை நீட்டினாள். இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. அவள் விரல்கள் பொத்தான்களின் விளிம்பைச் சுற்றித் தடவுவது துணிக்கு வெளியே தெரிந்தது. வெள்ளையோடு கை வந்தது.

"நீயுமாடி?"

"அண்ணன்தான் காட்டினாரு. எனக்கும் பிள்ளைங்க இருக்கில்ல."

"முடியலன்னு சொல்லியிருந்தா நானே வச்சிருப்பேனே."

பையில் மிஞ்சியது அண்ணனுக்கு. "விளையாட்டுக்கு இத்தனை கோவமா" என்று ஆரம்பித்தான். அவள் மறுநாளே அம்மாவை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டு, எந்த வேளைக்கு எந்த மருந்து என்று அண்ணிக்கு நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கடை நன்றாக ஓடுகிறது. ஞாயிறுதோறும் அம்மாவுக்குத் தலை அலசிவிடப் போகிறாள். தங்கை அங்கே இருந்தால் வாளியை எடுத்துத் தரச் சொல்வாள்; அதற்குமேல் பேச்சில்லை. அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை.