என் கையில் போலீஸ் சீட்டு

ஒன்பது வயதில் எங்கள் வீட்டின் பெரிய துப்பறிவாளி நான்தான். அப்படித்தான் நம்பியிருந்தேன். கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கூடு ஒட்டும் வீடு எங்களுடையது. ஞாயிறு மதியம் வேலை ஓய்ந்ததும், வீணான லேபிள்களின் பின்பக்கத்தில் ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று எழுதிச் சுருட்டிக் குலுக்கிப் போடுவோம். அம்மா, அத்தை, சித்தப்பா, நான். போலீஸ் சீட்டு எடுத்தவர் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

திருடன் சீட்டு வந்தால் சித்தப்பா உத்தரத்தைப் பார்ப்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அத்தை முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் கை, வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிடும். அதை வைத்து ஒருமுறைகூடத் தவறாமல் பிடித்துவிடுவேன். சித்தப்பா போலீஸாக வந்தாலோ அத்தையிடம் ஏமாந்துகொண்டே இருப்பார். மனிதருக்குக் கூர்மை போதாது என்று பரிதாபப்படுவேன்.

அந்த வருஷம் அத்தைக்குப் புதியம்புத்தூரிலிருந்து வரன் வந்தது. டீச்சர் டிரெயினிங் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதை மட்டும் முடித்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் அழுது பார்த்தாள். தங்கையின் அழுகைக்கு அப்பா இறங்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "உனக்குச் சம்மதந்தான தாயி?"

"சம்மதந்தான்" என்ற அத்தை, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். வளையல் மேலே ஏறியது.

எனக்குப் பழக்க தோஷம். "அத்த பொய் சொல்லுதா! அத்ததான் திருடன்!" என்று கத்திவிட்டேன்.

யாரும் காப்பியைத் தொடவில்லை. அந்த அம்மாள் மறுபடியும் கேட்டார். அத்தை தலையும் நிமிரவில்லை, பதிலும் சொல்லவில்லை.

"இஷ்டமில்லாத பிள்ளைய எதுக்கு இழுத்துக்கிட்டு? நாங்க வாரோம் அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அப்பா என் முதுகில் இரண்டு வைத்தார். மூன்றாவதை அத்தை குறுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று அவள் மடியில் தேம்பித் தேம்பி அழுதேன்.

"ஏட்டி கோட்டி, நீ என்னட்டி செஞ்ச?" என்று என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அத்தை படிப்பை முடித்தாள், டீச்சரானாள், பிறகு கல்யாணமும் செய்துகொண்டாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்குக் குற்றவுணர்ச்சியாக இருக்கும். சித்தப்பா போலீஸாக இருந்த ஓர் ஆட்டத்திலும் அந்த வளையல் அசைந்ததே இல்லை, எனக்கு மட்டும்தான் அது ஏறியது என்பது அந்தப் பெரிய துப்பறிவாளிக்குப் பல வருஷம் உறைக்கவே இல்லை.