உபதேசியார் வந்துட்டுப் போன மறுநாள்

சொன்னா சிரிப்பீங்க, தலை நரைச்ச பொறவும் தப்பு மோளச் சத்தம் கேட்டா எனக்குப் பயம். நேத்து பதுளை டவுன்ல ஒரு சாவுக்கு அடிச்சப்பவும் அப்படித்தான்.

நான் சின்னப்பயலா இருந்தப்ப, எங்க தேயிலைத் தோட்டத்துல விடியமுன்னமே தப்படிச்சு, வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு ஆளுகளக் கூப்புடுவாங்க. ஈரக் கம்பளி வாடையோட அம்மா மலையேறும். ஒருநாளு நாங்க குடியிருந்த லயத்துக்கு வந்த உபதேசியார், "நம்புறவங்களுக்குச் சாவே இல்ல"ன்னாரு. அம்மா தலையாட்டிச்சு. எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. நம்பலைன்னா அம்மா செத்துரும். நம்புனா, அட்டை கடிச்ச காலோட முடிவே இல்லாம மலையேறணும். எத வேண்டிக்கிறதுன்னே தெரியல.

மறுநாள் தப்பு கேட்டதும் வாசல மறிச்சுக்கிட்டு, "நம்பாதம்மா, காலத்துக்கும் கொழுந்து எடுக்கணும்"னு அழுதேன்.

கூடைய மாட்டிக்கிட்டே அம்மா சொல்லிச்சு: "சாகாம இருக்கத்தான்டா தெனமும் பெரட்டுக்குப் போறேன். தள்ளு."