ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போன நாள்

எங்கள் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் மீட்டரில் உள்ள எண்ணை டைரியில் குறித்துவிடுவேன். வண்டி லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். என் கணவர் இதைக் கேலி செய்வார். ஆனால் பங்க்கிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும், “எழுதிட்டயா?” என்று கேட்பவரும் அவர்தான்.

மங்கலத்தில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் மூன்று மிஷின் போட்டு காஜா பட்டன் வேலை எடுத்துச் செய்கிறோம். கம்பெனியில் தைத்த காலர் பனியன்கள் எங்களிடம் வரும். பட்டன் துளை போட்டு, பட்டன் வைத்துத் திருப்பி அனுப்புவோம். கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அந்தப் பழைய ஸ்கூட்டரில்தான். கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, பின்சீட்டில் ஒரு மூட்டை.

இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் சீக்கிரமே வண்டி பழகிவிடுகிறார்கள். அவசரத்துக்கு ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டு வருவதில் அது தொடங்கும். பிறகு அதே வண்டியில் டியூஷன், பிறகு மூன்று பேராகப் பள்ளிக்கூடம். பையில் புகையிலைப் பொட்டலம் இருக்கிறதா என்று துழாவிப் பார்க்கிற பெற்றோர்தான் வண்டிச் சாவியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். என் மகளும் எட்டாவது படிக்கும்போதே அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினாள். நானும் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவதில் அவள் ஓட்டுவதை நிறுத்தினாள். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி, மூன்று பேர் போன வண்டியில் நடுவில் உட்கார்ந்திருந்தவள், மங்கலம் சாலை வளைவில் விழுந்தாள். காலுக்குள் கம்பி வைத்தார்கள். பொதுத்தேர்வை அவள் எதிர் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு எழுதினாள். அந்தக் காலை தினமும் பார்த்த பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள்: பதினெட்டு வயது ஆகும்வரை வண்டி ஓட்டுவதில்லை, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் வண்டியில் ஏறுவதுமில்லை. பள்ளிக்கூடம் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்கும் நடந்தே போன அவர்களுக்கு வகுப்புப் பையன்கள் ‘நடராஜா சர்வீஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது நடந்தது இது. பள்ளி விடுமுறை, பெரிய முகூர்த்த நாள். கணவர் உறவினர் கல்யாணத்துக்காகக் கணியூர் போயிருந்தார். மிஷின் ஓட்டும் பெண்கள் இருவரும் காலையிலேயே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அவரவர் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் என் வலது கையில் மாவுக்கட்டு. கம்பெனியின் பேக்கிங் இன்சார்ஜ் போன் செய்தார்.

“ஏனுங்க்கா, பீஸ் எங்க? மத்தியானம் லோடு ஏத்தோணும். உங்ககிட்ட இருக்கற எல் சைஸுக்குத்தான் எல்லாம் நிக்குது.”

“ஆட்டோ ஒண்ணுகூடக் கெடைக்கலீங்க தம்பி. எல்லாம் கல்யாண சவாரி.”

“ஊட்டுல வண்டி நிக்குதில்லீங்க? பாப்பாகிட்டக் குடுத்துவுடுங்க. ரெண்டு கிலோமீட்டருக்கு என்ன போங்க.”

இந்த லோடு தவறினால் அடுத்த ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். சாவியை எடுத்து மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“ஓட்டமாட்டனுங்ம்மா.”

“இன்னைக்கு ஒரு நாளைக்கு, கண்ணு. ஊரே ஓட்டுது. ரெண்டு கிலோமீட்டர்ல என்ன ஆயிரும்?”

“அவளும் ரெண்டு கிலோமீட்டர்லதானுங்ம்மா உழுந்தா.”

எனக்குக் கோபம் வந்தது. “அப்ப இந்த மூட்டையை நான் தலையில தூக்கிட்டுப் போகட்டுமா?” என்றேன்.

“ஓட்டமாட்டன்னுதானே சொன்னேன். கொண்டுபோகமாட்டன்னு சொல்லலீங்களே.”

மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கினாள். ஸ்டாண்டை எடுத்தாள். இன்ஜினைப் போடாமல் தள்ளத் தொடங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு நானும் பின்னால் ஓடி, இடது கையைப் பின்மூட்டையில் கொடுத்துத் தள்ளினேன்.

தெருமுனை மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, பெட்ரோல் தீந்துபோச்சா?”

“பெட்ரோல் இருக்குதுங்க மாமா. வயசுதான் இல்லீங்க.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குக் கோபம் முழுதாகத் தீராவிட்டாலும் சிரிப்பு வந்துவிட்டது.

பாலத்து ஏற்றம்தான் சோதனை. பாதியில் வண்டி பின்னால் வரத் தொடங்கியது. அவள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. அப்போது அவள் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் ஒரே வண்டியில் வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள்.

“என்ன, நடராஜா சர்வீஸ் இப்ப வண்டியோடயா?” என்றான் ஓட்டி வந்தவன்.

“ஆமாடா. நீங்க மட்டும் என்ன, மூணு உசுரு ஒரு சீட்டு சர்வீஸா?” என்றாள் இவள். “பேசிட்டு நிக்காம எறங்கித் தள்ளுங்க. அம்மாவுக்குக் கை முடியல.”

என் கட்டைப் பார்த்ததும் பின்னால் இருந்த இருவரும் இறங்கிவிட்டார்கள். இரண்டு பேர் இறங்கியதில் அந்த வண்டியும் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. ஏற்றம் முடியும்வரை தள்ளிக் கொடுத்துவிட்டு, “வர்றோங்க ஆன்ட்டி” என்று சொல்லி மறுபடியும் மூன்று பேராகவே போனார்கள். மாறிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

கம்பெனி கேட்டில் பேக்கிங் இன்சார்ஜே நின்றிருந்தார். உள்ளே மற்ற சைஸ் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மூட்டைகள் நேராக அயர்ன் டேபிளுக்குப் போயின. நேரத்தோடு வந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் என் கால்வலி எனக்குத் தெரிந்தது.

“வண்டி ஸ்டார்ட் ஆகலீங்களா, அக்கா?”

“ஆகுமுங்க. இவளுக்கு இன்னும் லைசென்ஸ் வயசு ஆகல.”

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு மகளின் கைகளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். “சரி பாப்பா, மூட்டைதான் எறங்கிருச்சே. காலி வண்டி, ரோடும் காலி. அம்மாவை உக்காரவெச்சு மெதுவா ஓட்டிட்டே போயிரு. ஆரு பாக்கப்போறாங்க?”

அவள் என்னைப் பார்த்தாள். வெயிலும் களைப்பும் அவள் முகத்தில் இருந்தன. நான் ஒரு வார்த்தை சொன்னால் ஏறியிருப்பாளோ என்னவோ. எனக்குத் தெரியாது.

“அவ ஓட்டமாட்டாளுங்க தம்பி,” என்றேன். “நாங்க தள்ளிட்டே போறோம்.”

காலையில் அவளைத் திட்டிய அதே வாய்தான். ஆனால் அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த மிடுக்கு எனக்கே புதிதாக இருந்தது. அந்த கேட்டில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

திரும்பும்போது வண்டி காலி, பாரம் குறைவு. பாலத்து இறக்கத்தில் அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். வழியில் ஆளுக்கொரு எலுமிச்சை சோடா குடித்தோம். சோடாக் கடைக்காரரும் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். “பெட்ரோல் இருக்குதுங்க. வயசுதான் இல்லீங்க.”

அடுத்த முறை பெட்ரோல் போட்டு வந்ததும் கணவர் டைரியைப் புரட்டிப் பார்த்தார். பழைய வண்டி என்பதால் உருட்டினாலும் மீட்டர் ஓடும்; நாங்கள் தள்ளிப் போய்வந்த தூரமும் அதில் ஏறியிருந்தது. அது அவருக்கு நினைவில்லை.

“என்ன இது, இந்தத் தடவ மைலேஜ் தூக்கிக் குடுத்துருக்குது? சர்வீஸ் பண்ணுனமா?”

பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் மகள் சொன்னாள்: “ஆமாங்ப்பா. நடராஜா சர்வீஸ்.”