சக்கரத்துக்கு வைத்த கல்

திருவரங்குளம் பக்கத்துச் செம்மண் பொட்டலில் காலையிலிருந்து கல்மரம் தேடுகிறேன். பல கோடி வருடங்களுக்கு முன் புதைந்து கல்லாகிப்போன மரம். கையில் சுத்தியல், கழுத்தில் லென்ஸ். கிடைத்தது வெயில் மட்டும்தான். கம்மாய்க்கரைச் சரிவில் நிற்கும் ஆட்டோவுக்குத் திரும்பினால், பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லில் மர வளையங்கள் வரிவரியாகத் தெரிகின்றன. காலையில் டிரைவர் எடுத்துத் தர, நானேதான் அதை அங்கே வைத்தேன்.

"அண்ணே, இந்தக் கல்ல எனக்குத் தருவீங்களா?"

"ஹேண்ட்பிரேக் புடிக்காதுங்க. வண்டி கம்மாய்க்குள்ள போயிரும். உருளாத கல்லா வேற ஒண்ணு கொண்டாங்க, தாரேன்."

மறுபடியும் பொட்டலில் இறங்குகிறேன், இம்முறை வெறும் கல்லுக்காக. நான் கொண்டுவந்த நான்காவது கல்லையும் அவர் காலால் உருட்டித் தள்ளுகிறார்.

"ஒங்களுக்குக் கல்லு பாக்கத் தெரியலைங்க."